செம்மூக்கு ராஜா

மலேசியாவின் கோலா கெத்தில் ஊர்க் கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருக்கும் பசுபதிக்கு உலகத்தில் இரண்டே பேரிடம்தான் பயம். ஒருவர் முருகன். இன்னொருவர், முருகனிடம் இடைத்தரகர் இல்லாமல் நேரடியாகப் பேசும் அவருடைய மனைவி சிகப்பி. இந்த இருவருக்கும் இடையில் கைமாற வேண்டிய ஒரு வெள்ளிக்காசு நடுவழியில் ஒரு கழகத்திடம் சிக்கிக்கொண்டது. விஷயம் இவ்வளவுதான். ஆனால் கழகம் என்று ஒன்று உள்ளே நுழைந்துவிட்டால் எந்த விஷயத்தையும் இவ்வளவோடு விடுவதில்லை.

காசு பழையது. வெள்ளைக்காரன் காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் புழங்கிய டாலர். ஒரு பக்கம் கிரீடமும் தாடியுமாக ராஜா. மறுபக்கம் சீன எழுத்தும் மலாய்க்காரர்களின் ஜாவி எழுத்துமாக ஒரு சிக்குக்கோலம். எந்த வருடத்துக் காசு என்பதை இங்கே சொல்வதற்கில்லை. சொன்னால் கழகத்தார் நம் வீட்டுக் கதவையும் தட்டுவார்கள். பசுபதி கடையை வாங்கியபோது கல்லாப்பெட்டியோடு சேர்ந்து வந்த காசு அது. ராசிக் காசு என்று வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை தவறாமல் ராஜாவுக்குச் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்துக் கும்பிட்டு வந்தார். பொட்டு நெற்றியில்தான் வைக்கவேண்டும். ஆனால் ராஜா பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருப்பதாலும், பசுபதிக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொள்ளச் சோம்பல் என்பதாலும், குங்குமம் பெரும்பாலும் மூக்கில் போய் உட்கார்ந்தது. ராஜாவும் ஒன்றும் சொல்லவில்லை.

போன வருடம் பசுபதிக்கு நெஞ்சு அடைத்தது. பினாங்குக்குக் கொண்டுபோய் பைபாஸ் செய்தார்கள். அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனதும் சிகப்பி ஆஸ்பத்திரி நடையில் நின்றபடியே, கையோடு கொண்டுவந்திருந்த அந்தக் காசை மஞ்சள் துணியில் முடிந்தாள். "முருகா, உள்ளே போன ஆளு உசுரோட வெளிய வரட்டும். வர்ற பங்குனி உத்திரத்துக்கு இந்தக் காசையே கொண்டாந்து உன் உண்டியல்ல போடுறேன்," என்றாள். ஆள் வெளியே வந்துவிட்டார். முருகன் தன் பங்கைச் செய்துவிட்டான். மீதி இவர்கள் பங்கு.

உத்திரம் நெருங்கும்போது வினை லோகன் ரூபத்தில் வந்தது. லோகன் சிகப்பியின் தம்பி. பண்டார் பாருவிலிருந்து தாய்லாந்து எல்லைவரை லோரி ஓட்டுகிறவன். ஒரு மத்தியானம் சாப்பிட வந்தவன், பூசைத் தட்டிலிருந்த முடிச்சை அவிழ்த்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"மச்சான், பார்டர் பாசார்ல இந்த ராஜா தலைய கூடையில கொட்டி விக்கிறானுங்க லா. அத்தனையும் தகரம். இது எப்படியோ. சாமிக்குக் கள்ளக்காசு போட்டீங்கன்னா, அவரு குடுத்த உசுரும் அதே ரகமாயிடும், பாத்துக்குங்க."

லோகன் சொல்லிவிட்டு மீன் குழம்பை ஊற்றிக்கொண்டான். பசுபதிக்கு அதன்பிறகு சோறு இறங்கவில்லை. பேங்கில் கொடுக்கும் நோட்டையே வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறவர் அவர். சாமிக்குப் போடும் காசைப் பார்க்காமல் விட மனம் ஒப்புமா?

"சாமி சர்ட்டிபிக்கேட் கேட்டாரா?" என்றாள் சிகப்பி. "வேண்டிக்கிட்டது நானு. நான் போட்டா அவரு வாங்கிக்குவாரு. சும்மா இருங்க."

பசுபதி சும்மா இருந்திருக்கலாம். ஆனால் மாடிப்படி ஏறும்போது நெஞ்சு ஒரு பக்கமாக இழுத்தது. பைபாஸ் செய்தவர்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டருக்குக் காசு விஷயம் தெரியாது.

பக்கத்து நகரமான சுங்கைப் பட்டாணியில், ஒரு மெத்தைக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது வடபகுதி வெள்ளிக்காசு வகைப்பாட்டுக் கழகம். பழைய வெள்ளி டாலர்கள் எந்த வருடம் எத்தனை அடிக்கப்பட்டன, அவற்றில் எத்தனை வகை என்பதைத் தீர்மானிப்பது அதன் தொழில். வாசலில் 'காசின் மீது மூச்சு விடாதீர்' என்று எழுதியிருந்தது. பசுபதி செருப்பைக் கழற்றி, மூச்சையும் கொஞ்சம் கழற்றிக்கொண்டு உள்ளே போனார்.

உள்ளே எல்லாரும் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, தலை குனிந்து நின்றார்கள். பசுபதியும் நின்றார். பக்கத்தில் நின்ற மனிதரிடம் மெதுவாக, "யாருங்க தவறிட்டாங்க?" என்று கேட்டார்.

"பல லட்சம் பேருண்ணே," என்றார் அவர். அவர்தான் செயலாளர் ஹெர்பர்ட். ஓய்வு பெற்ற பள்ளிக்கூடக் கிராணி, அதாவது குமாஸ்தா. சாதுவான மனிதர். "அந்தக் காலத்துல வெள்ளிக்காக உருக்கிப்புட்டாங்கல்ல, அந்தக் காசுங்களுக்கு மௌன அஞ்சலி. கூட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எப்பவும் செய்வோம்."

அஞ்சலி முடிந்ததும் தலைவர் ஹேமநாதன் வந்தார். முன்பு இன்சூரன்ஸ் ஏஜெண்டாக இருந்தவர். வீட்டில் தண்ணீர் கேட்பதானாலும் மேடையில் நின்று கேட்பது போலத்தான் கேட்பார் என்று அவரை அறிந்தவர்கள் சொல்வார்கள். பசுபதி மஞ்சள் முடிச்சை அவிழ்த்துக் காசை மேசைமேல் வைத்தார்.

"நல்ல காசா கள்ளக்காசான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்கய்யா. வேற ஒண்ணும் வேணாம்."

ஹேமநாதன் பரிவோடு சிரித்தார். "அன்பரே, அது கடைசிக் கேள்வி. முதல் கேள்வி, இந்தக் காசு இருக்கிறதா என்பது."

பசுபதி மேசையைப் பார்த்தார். காசு இருந்தது. "இருக்குங்களே."

"அது உங்கள் சொந்த அபிப்பிராயம்," என்றார் ஹேமநாதன்.

இந்த இடத்தில் கழகத்தின் சரித்திரத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இந்த வரிசை டாலர்களில் சில பம்பாயிலும் சில லண்டனிலும் அடிக்கப்பட்டவை. அதனால் கழகத்தில் பம்பாய்க் கட்சி, லண்டன் கட்சி என்று இரண்டு கட்சி. பம்பாயை அந்தக் கட்சிக்காரர்கள் பார்த்ததில்லை. லண்டனை இந்தக் கட்சிக்காரர்கள் பார்த்ததில்லை. ஆனாலும் ஒரு பொதுக்கூட்டத்தில் நாற்காலி பறந்தது. அன்றுமுதல் எந்த வருடம் எத்தனை காசு அடிக்கப்பட்டது என்பதை வாக்கெடுப்பில் முடிவு செய்வது என்று ஏற்பாடாயிற்று. பசுபதியின் காசு பிறந்த வருடத்துக்கு இரண்டு கட்சிக்கும் சம வாக்கு விழுந்தது. இரண்டு எண்ணிக்கையையும் கூட்டிப் பாதியாக்கினார்கள். கணக்கின் கடைசியில் ஒரு அரை வந்து நின்றது. ஆகவே அந்த வருடம் அரைக்காசு ஒன்றும் அச்சடிக்கப்பட்டது என்பது கழகத்தின் அதிகாரபூர்வமான நிலைப்பாடு. அதைத் தேடிக் கண்டுபிடிக்கத் துணைக்குழு ஒன்று இன்றைக்கும் இருக்கிறது. தேநீர்ச் செலவும் எழுதுகிறது.

"உருக்கியது போக அந்த வருடத்துக் காசு பதினொன்றுதான் மிச்சம் என்று தீர்மானம் போட்டிருக்கிறோம்," என்றார் ஹேமநாதன். "பதினொன்றும் செயற்குழுவினரிடம் பத்திரமாக இருக்கின்றன. உங்களுடையது பன்னிரண்டாவது. பன்னிரண்டாவது காசு என்று ஒன்று கிடையாது."

"என் கையில இருந்துச்சேங்க."

"கையில் இருப்பதை வைத்தெல்லாம் வரலாறு எழுத முடியாது, அன்பரே. ஆளுக்கு ஆள் கையில் ஏதாவது இருக்கத்தான் செய்யும்."

பசுபதி காசை எடுத்து மறுபடி முடிந்துகொள்ளப் பார்த்தார். ஹெர்பர்ட் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "இருங்கண்ணே. இது வேற வகைன்னு வந்துட்டா பிரச்சினையே இல்ல. வேற வகைக்கு வேற எண்ணிக்கை போட்டுக்கலாம்."

வகை கண்டுபிடிப்பதில் கழகத்தாருக்கு நிகரில்லை. தாடி நுனி தடித்த வகை, தாடி நுனி மெலிந்த வகை, கிரீடத்தில் முத்து குறைந்த வகை என்றெல்லாம் ஏற்கெனவே இருந்தன. முத்து குறையவில்லை, ஆனால் குறைந்ததுபோல் தெரியும் வகை என்றும் ஒன்று உண்டு. அது ஹேமநாதனின் கண் ஆபரேஷனுக்கு முன்னால் கண்டுபிடிக்கப்பட்டது. இப்போது பெரியவர்கள் வரிசையாக வந்து பூதக்கண்ணாடி வழியாகப் பசுபதியின் காசைப் பார்த்தார்கள். முதலாமவர் பெருமூச்சு விட்டார். அடுத்தவர் வாசல் பலகை நினைவு வந்து மூச்சைப் பிடித்துக்கொண்டார். கடைசியில் ஹேமநாதன் பார்த்தார். பார்த்தவர் நிமிரவே இல்லை.

"மூக்கு," என்றார். "ராஜாவின் மூக்கு சிவப்பு."

"அது குங்குமம்ங்க," என்றார் பசுபதி. "நான்தான் வச்சேன். வெள்ளிக்கிழமையில வைக்கிறது."

ஹெர்பர்ட்தான் பேசினார். "அண்ணே, நீங்க மெம்பரா?"

"இல்லைங்க."

"மெம்பர் இல்லாதவங்க சொல்றத மினிட்ஸ்ல எழுத முடியாதுண்ணே. எழுதலன்னா நீங்க சொல்லவே இல்லன்னு அர்த்தம்."

சொல்லாமல் இருந்த பசுபதியை நாற்காலியில் உட்காரவைத்து, ஹேமநாதன் எழுந்து பேசினார். வெள்ளியோடு கலந்த செம்பு மூக்கு வழியாக வெளியேறியிருக்கிறது என்பது விஞ்ஞானம். ஆனால் அது ஏன் மூக்கைத் தேர்ந்தெடுத்தது என்பது வரலாறு. காசு அடித்த அன்று ராஜாவுக்குச் சளி பிடித்திருக்க வேண்டும். அதைக் கேள்விப்பட்ட அச்சுக்கூடத் தொழிலாளி ஒருவன் விசுவாசத்தோடு அதைப் பதிவு செய்திருக்கிறான். இந்த வகைக்கு இனிமேல் 'ஹேமநாதன் செம்மூக்கு' என்று பெயர். பேரில் தனக்கு ஆசை இல்லை. வேறு பொருத்தமான பேர் கிடைக்கவில்லை.

கைதட்டினார்கள். அடுத்து எண்ணிக்கை. உலகத்திலேயே ஒன்றுதான் அடிக்கப்பட்டது என்று ஹெர்பர்ட் எழுதப்போனார். பம்பாய்க் கட்சிக்காரர் ஒருவர் தடுத்தார். "ஒண்ணுன்னு போட்டா மத்தவங்களுக்கு என்ன இருக்கு? கழகம் வளர வேணாமா? நாப்பதுன்னு போடுங்க." லண்டன் கட்சியும் இதை ஏற்றுக்கொண்டது. கழக வரலாற்றில் இரண்டு கட்சியும் ஒத்துப்போனது அன்றுதான். செம்மூக்கு ராஜா நாற்பது அடிக்கப்பட்டார் என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று.

"சரிங்கய்யா. காசக் குடுங்க, நான் கெளம்பறேன்," என்றார் பசுபதி.

காசு அதற்குள் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் போய், நாலு பக்கமும் ஒட்டப்பட்டு, முத்திரை குத்தப்பட்டிருந்தது. அதைத் திறப்பதற்குப் பொதுக்கூட்டத் தீர்மானம் வேண்டும். பொதுக்கூட்டம் அடுத்த வருடம். மெம்பர் இல்லாதவர் காசு என்பதால் நாற்பதில் சேர்க்காமல் 'பார்வைக்கு மட்டும்' என்று எழுதி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார்கள். பசுபதி வேண்டுதலைச் சொன்னார், பைபாஸைச் சொன்னார், சட்டையைத் தூக்கித் தையலைக் காட்டினார். ஹேமநாதன் தையலையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பிறகு, "முருகப்பெருமான் காத்திருப்பார், அன்பரே. கடவுளுக்கு என்ன அவசரம்? ஆய்வுதான் காத்திருக்காது," என்றார்.

பசுபதி வெறும் மஞ்சள் துணியோடு வீட்டுக்கு வந்தார். சிகப்பி துணியைப் பார்த்தாள்; அவரைப் பார்த்தாள். திட்டவில்லை. அவள் திட்டாமல் இருந்தது அவருக்கு ஆபரேஷனைவிடப் பயமாக இருந்தது.

"இந்தக் காசையேன்னு சொல்லிட்டேங்க," என்றாள் கடைசியில். "வேற காசுன்னு மாத்த முடியாது. உங்க உசுர வச்சுப் பேசுன பேச்சு." வெறும் மஞ்சள் துணியை மடித்துப் பூசைத் தட்டிலேயே வைத்தாள். பசுபதிக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

அதன்பிறகு நடந்ததுதான் வேடிக்கை. கோலா கெத்தில் கடைக்குச் சம்பந்தமே இல்லாத ஆட்கள் சுங்கைப் பட்டாணியிலிருந்து காடி ஓட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். அரிசி வாங்கவில்லை, பருப்பு வாங்கவில்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் குங்குமம் கேட்டார்கள். ஒருவர், "நிறம் நிக்குமா?" என்று கேட்டார். இன்னொருவர், வெள்ளியில் ஒட்டுமா என்று கேட்டுவிட்டு, பேரன் கேட்கச் சொன்னதாகச் சொன்னார். ஹெர்பர்ட் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்த கையோடு வந்தார்.

"அண்ணே, ஒரு பாக்கெட் குங்குமம். பேப்பர்ல சுத்திக் குடுங்க. எங்க வீட்டுக்காரி கேதரினுக்குத் தெரிஞ்சா ஃபாதர்கிட்ட சொல்லிடுவா."

பசுபதிக்கு ஒன்றும் புரியவில்லை. சிகப்பிக்குப் புரிந்தது. "ஊருல இத்தனை பேருக்கு ஒரே நேரத்துல பக்தி வராதுங்க," என்றாள். "எல்லாரும் அவங்கவங்க ராஜாவுக்கு மூக்கு பூசப் போறாங்க."

அவள் சொல்லி முடிக்கவும் ஹேமநாதனே கறுப்புக் கண்ணாடியோடு வந்து நிற்கவும் சரியாக இருந்தது. தன்னை யாருக்கும் அடையாளம் தெரியாது என்ற நம்பிக்கையில், "அம்மணி, பழைய குங்குமம் கிடைக்குமா? நாள்பட்டதாக?" என்று மேடைக்குரலில் கேட்டார்.

"குங்குமம் என்ன ஊறுகாயா, நாள்பட?" என்றாள் சிகப்பி. "புதுசுதான் இருக்கு. எங்க வீட்டுக்காரரு காசக் குடுத்துட்டு எத்தனை பாக்கெட் வேணுமோ எடுத்துக்கிட்டுப் போங்க."

"காசு விஷயமாக எனக்கு எதுவும் தெரியாது. நான் வழிப்போக்கன்," என்று சொல்லிவிட்டு ஹேமநாதன் இரண்டு பாக்கெட்டோடு காடிக்குள் ஏறினார். காடியின் பின் கண்ணாடியில் கழகத்தின் சின்னம் பளபளத்தது.

செம்மூக்கு ராஜாக்கள் மளமளவென்று வெளிப்பட்டார்கள். ஒருவருக்குப் பீரோவில் கிடைத்தது, ஒருவருக்கு மெத்தைக்கு அடியில் கிடைத்தது. சுங்கை லாலாங்கில் ஒருவருக்கு ஒரே நாளில் மூன்று கிடைத்தன. மழை பெய்து மண் கரைந்ததால் தென்பட்டன என்றார். உத்திரத்துக்கு முந்தைய நாளைக்குள் நாற்பதும் சேர்ந்துவிட்டன. அச்சடித்த எண்ணிக்கையும் கண்டுபிடித்த எண்ணிக்கையும் இவ்வளவு துல்லியமாகப் பொருந்தியது உலக ஆராய்ச்சியிலேயே இல்லை என்று சொல்லி, கழகம் அன்றைக்கே மண்டபம் எடுத்து செம்மூக்கு விழா வைத்தது.

பசுபதிக்கும் அழைப்பு வந்தது. காசைத் திருப்பிக் கொடுக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நம்பி, மஞ்சள் துணியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். சிகப்பி உத்திரத்துக்கு மாவிளக்கு மாவு இடித்துக்கொண்டிருந்ததால் கூட வரவில்லை. "காசோட வாங்க. வந்தவொடனே போன் பண்ணுங்க," என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

நாதஸ்வரம் முழங்க, நாற்பது தட்டில் நாற்பது ராஜாக்கள் ஊர்வலமாக வந்தார்கள். எல்லா மூக்கும் ஒரே சிவப்பு. மூக்கைத் தாண்டி ஒரு ராஜாவுக்குத் தாடியும் சிவந்திருந்தது. அதை 'வெற்றிலை வகை' என்று தனியாக வைத்தார்கள். கடைசியாக, மாலை இல்லாமல், பிளாஸ்டிக் பெட்டிக்குள் வந்தது பசுபதியின் காசு. ஹேமநாதன் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"பெரியோர்களே! நாற்பது அடிக்கப்பட்டது. நாற்பதும் கிடைத்துவிட்டது. அப்படியானால் நாற்பத்தொன்றாவதாக இங்கே ஒன்று நிற்கிறதே, இது யார்? இதன் மூக்கைப் பாருங்கள். மங்கல்! நாற்பது மூக்கு பளிச்சென்று இருக்கும்போது ஒரு மூக்கு மட்டும் மங்கலாக இருந்தால் எது கள்ளம்? இது ஜனநாயக நாடு. பெரும்பான்மை மூக்கு எதுவோ அதுவே மூக்கு! நானே கண்டுபிடித்த காசு என்பதற்காக நான் பாரபட்சம் காட்டமாட்டேன். என்னிடம் இப்போது வேறு இரண்டு இருக்கின்றன என்பதும் இதற்குக் காரணமல்ல."

கைதட்டல் அடங்கியதும் பசுபதி எழுந்தார். "சரிங்கய்யா, கள்ளக்காசாவே இருந்துட்டுப் போகட்டும். எங்கிட்டயே குடுத்துடுங்க."

"கொடுக்கத்தான் போகிறோம், அன்பரே. காதுகுத்து முடிந்ததும்."

கழகம் கள்ளக்காசு என்று தீர்ப்புச் சொன்னால், அது இனி யாரையும் ஏமாற்றாதபடி உளி வைத்து ஒரு ஓரத்தை வெட்டிவிடுவார்கள். அதற்குத்தான் காதுகுத்து என்று பெயர். வடையும் உண்டு. மேடையில் ஒரு மரக்கட்டையை வைத்தார்கள். பிளாஸ்டிக் பெட்டியை, பொதுக்கூட்டத் தீர்மானம் எதுவும் இல்லாமல், ஒரே அடியில் உடைத்துக் காசை வெளியே எடுத்துக் கட்டைமேல் வைத்தார்கள். ராஜாவின் கழுத்துக்கு நேரே உளியை வைத்துக்கொண்டு ஹெர்பர்ட் சுத்தியலைத் தேடினார்.

வெட்டுப்பட்ட காசை எந்த முகத்தோடு முருகனுக்குப் போடுவது? பசுபதிக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. சிகப்பியைக் கூப்பிடலாம் என்று தட்டுத்தடுமாறி மேடை ஏறியவர், சட்டைப் பையிலிருந்த போனை எடுக்க நெஞ்சில் கை வைத்தார். அப்படியே கட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ, பைபாஸ் ஆளு! அட்டாக்கு!" என்று யாரோ கத்தினார்கள்.

அவர் நடிக்கவில்லை. மறுக்கவும் இல்லை. ஹெர்பர்ட் உளியைப் போட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். நாதஸ்வரம் நின்றது. ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதற்கு முன்னால், மெம்பர் இல்லாதவர் கழக நிகழ்ச்சியில் இறந்தால் மௌன அஞ்சலி உண்டா என்று ஒருவர் சந்தேகம் கிளப்பினார். பம்பாய்க் கட்சி உண்டு என்றது. லண்டன் கட்சி, அப்படி விட்டால் நாளைக்கு ஆளாளுக்கு வந்து இறப்பார்கள் என்றது. கடைசியில் அரை நிமிடம் என்று சமரசம் ஆயிற்று. உடனே எல்லாரும் எழுந்து தலை குனிந்து கண்ணை மூடிக்கொண்டார்கள்.

அந்த அரை நிமிடத்தில் பசுபதி எழுந்தார். கட்டைமேல் இருந்த காசை எடுத்தார். மஞ்சள் துணியில் முடிந்தார். தனக்காகத் தலை குனிந்து நின்ற கூட்டத்துக்கு நடுவிலேயே மெதுவாக நடந்து, வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு காடியில் ஏறினார். யாரும் துரத்தவில்லை. இல்லாத காசை எடுத்துக்கொண்டு போன, கிட்டத்தட்ட இறந்துபோன ஒருவரைத் துரத்த விதியில் இடமில்லை.

மறுநாள் உத்திரம். தோட்டத்து முருகன் கோயிலில் ஈ நுழைய இடமில்லை. ரப்பர் மரத்தடியெல்லாம் காடி. உண்டியலுக்கு முன்னால் நின்ற வரிசையில் பசுபதியும் சிகப்பியும் அங்குலம் அங்குலமாக நகர்ந்தார்கள். முறை வந்தது. சிகப்பி முடிச்சை அவிழ்த்துக் காசை அவர் கையில் கொடுத்தாள். பசுபதி அதை உண்டியல் வாயருகே கொண்டுபோனார். கை நின்றுவிட்டது.

"என்னங்க?"

"கடைசிவரைக்கும் எவனும் சொல்லலையே, சிகப்பி. இது நல்லதா, கள்ளமா? தகரத்தப் போட்டு சாமிய ஏமாத்திட்டா..." அவருக்கு அழுகை வந்தது. இத்தனை பேர் நடுவில் அழுகிறோமே என்ற வெட்கமும் வந்தது. "நெஞ்சு இழுக்குது எனக்கு."

சிகப்பி அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு குனிந்து, வேட்டிக்குக் கீழே தெரிந்த அவர் கணுக்காலிலிருந்து மேலே போகும் நீளத் தழும்பை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"இங்க இருந்த நரம்பத்தானே வெட்டியெடுத்து உங்க நெஞ்சுல வச்சுத் தச்சாங்க? அது நெஞ்சுல பொறந்த நரம்பா? அசலா? இத்தனை மாசமா உங்க நெஞ்சு அதைப் பாத்து நீ யாரு, எந்த வகைன்னு ஒரு கேள்வி கேட்டுச்சா? வாங்கிக்கிச்சு. ஓடுது. சாமி உங்க நெஞ்ச விடக் கேவலமா போயிட்டாரா?"

பசுபதி காசை விட்டார். உள்ளே ஏற்கெனவே நிறைய நோட்டு விழுந்திருந்ததால் சத்தம்கூடக் கேட்கவில்லை. அவர் அங்கேயே நின்று, ஏதாவது கேட்கும் என்று உண்டியலின் மேல் காதை வைத்தார்.

பின்னால் பால்குடத்தோடு நின்ற யாரோ ஒரு அம்மா அவர் முதுகில் ஒரு விரலால் தட்டினாள்.

"போட்டாச்சுல்ல அண்ணே, தள்ளுங்க லா. பால் திரிஞ்சிடும்."